மூளையில்லாமல் கணக்கு வைக்கும் பெட்டி: பழைய பின்பால் இயந்திரங்களுக்கு ஓர் அறிமுகம்

1960-களில் செய்த பின்பால் இயந்திரம் ஒன்றைத் திறந்து காட்டினால், கணினி பழகிய கண் முதலில் தேடுவது அதன் மூளையை. கிடைக்காது. சிப் கிடையாது, சர்க்யூட் போர்டு கிடையாது. பலகைக்கு அடியில் துணி உறையிட்ட கம்பிகள் சடைசடையாகப் பின்னிக் கிடக்கும். நடுநடுவே காயில் எனப்படும் செம்புக் கம்பிச் சுருள்கள், மெல்லிய தகடுகள், பல்சக்கரங்கள். தையல் மெஷினுக்கும் பழைய தொலைபேசி நிலையத்துக்கும் பிறந்த பிள்ளைபோல இருக்கும். ஆனாலும் அந்தப் பெட்டி நான்கு பேர் எடுத்த புள்ளிகளைத் தனித்தனியாக எண்ணும். இப்போது யார் முறை, எத்தனையாவது குண்டு ஓடுகிறது, இலவச ஆட்டம் எத்தனை பாக்கி என்றெல்லாம் ஞாபகம் வைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு வருஷம் கழித்து வந்து பார்த்தாலும் கடைசி ஆட்டத்தின் ஸ்கோர் அப்படியே நிற்கும்.

அந்த ஞாபகம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பழைய இயந்திரங்களை வாங்குவது, சீர்செய்வது, ஓட்டுவது எல்லாமே சுலபமாகப் பிடிபடும். அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். கடைசியில் வீடியோ கேம் பெட்டிகளைப் பற்றியும் கொஞ்சம்.

பின்பாலை நேரில் பார்க்காதவர்களுக்காக ஒரு சித்திரம். இடுப்பு உயரத்தில், நான்கு கால்களின்மேல், ஆடுபவரை நோக்கிச் சரிந்த மரப்பெட்டி. மேலே கண்ணாடி மூடி, அதன் கீழே வண்ணப்படம் அச்சிட்ட ஆட்டப்பலகை. 27 மில்லிமீட்டர் விட்டமும் சுமார் 80 கிராம் எடையும் கொண்ட எஃகுக் குண்டு ஒன்றை ஸ்பிரிங் கம்பியால் மேலே ஏவுகிறோம். அது, மோதியதைத் திருப்பித் தள்ளும் பம்பர்களிலும் இலக்குகளிலும் மோதிப் புள்ளி சேர்த்துக்கொண்டே கீழே உருளும். அடியில் இருக்கும் ஃபிளிப்பர் என்ற இரண்டு சிறு துடுப்புகளை, பெட்டியின் இரு பக்கப் பொத்தான்களால் அசைத்து அதைத் திரும்ப மேலே அடிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே நழுவிவிட்டால் அந்தக் குண்டு போச்சு. பெட்டியின் பின்தலையில் நிற்கும் ஓவியக் கண்ணாடிக்குப் பெயர் பேக்கிளாஸ். ஸ்கோர் தெரிவது அங்கேதான்.

ஆணிப் பலகையிலிருந்து ஃபிளிப்பர் வரை

இதன் மூதாதை 18-ஆம் நூற்றாண்டு பிரான்சின் பகடெல். ஆணி அடித்த பலகையில் கோலால் குண்டைத் தள்ளிக் குழிகளில் விழவைக்கும் ஆட்டம். பின்பால் என்ற பெயரில் இருக்கும் 'பின்' அந்த ஆணிதான். 1871-இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் மான்டேகு ரெட்கிரேவ் என்பவர் கோலை எடுத்துவிட்டு ஸ்பிரிங் கம்பியை வைத்துக் காப்புரிமை பெற்றார். பிளஞ்சர் என்று நாம் இழுத்து விடுவது அவருடைய கம்பியின் வாரிசு.

வியாபாரமாக இது வெடித்தது 1931-இல். பெருமந்தக் காலம், மக்கள் கையில் சில்லறைதான் இருந்தது. டேவிட் காட்லீப் சிகாகோவில் செய்த 'பேஃபிள் பால்' மதுக்கடை மேசைகளெங்கும் ஏறி உட்கார்ந்தது. அடுத்த வருஷம் ரேமண்ட் மலோனி 'பாலிஹூ' என்ற பெட்டியைக் கொண்டுவந்தார். பாலி என்ற நிறுவனப் பெயரே அந்த ஆட்டத்திலிருந்து வந்ததுதான். காட்லீப், பாலி, வில்லியம்ஸ் என்று சேகரிப்பாளர்கள் வாயில் புழங்கும் பெரிய பெயர்கள் எல்லாம் சிகாகோக்காரர்கள்தாம்.

இந்த ஆரம்பப் பெட்டிகளில் ஃபிளிப்பரே கிடையாது. ஏவியபின் ஆடுபவர் செய்யக்கூடியது பெட்டியைத் தட்டுவதும் உலுக்குவதும் மட்டுமே. அதற்குக் கடிவாளமாக ஹாரி வில்லியம்ஸ் வைத்ததுதான் 'டில்ட்'. பெட்டியை அளவுமீறி ஆட்டினால் ஆட்டம் நின்றுவிடும். 1933-இல் அவர் செய்த 'கான்டாக்ட்' பெட்டியில் குண்டை மின்காந்தமே உதைத்துத் தள்ளியது. மின்சாரம் உள்ளே நுழைந்த கதை அங்கிருந்து தொடங்குகிறது.

அதிர்ஷ்ட ஆட்டம் என்றால் சூதாட்டம் என்று சட்டம் சந்தேகப்படும். பல பெட்டிகள் உண்மையிலேயே பணம் கொடுத்தன, ஆகவே சந்தேகம் வீண் என்று சொல்ல முடியாது. நியூயார்க் நகரம் 1942-இல் பின்பாலைத் தடைசெய்தது. மேயர் லா கார்டியா பிடிபட்ட பெட்டிகளைச் சம்மட்டியால் உடைத்துப் புகைப்படத்துக்கு நின்றார். தடை நீங்க 34 வருஷம் ஆனது. 1976-இல் ரோஜர் ஷார்ப் என்ற இளைஞர் நகரமன்றத்தினர் முன்பு ஒரு பெட்டியை ஆடிக் காட்டினார். "குண்டை நடு வழியில் விழவைக்கிறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு பிளஞ்சரை இழுத்து விட்டார். விழுந்தது. இது கைத்திறன் சார்ந்த ஆட்டம் என்பதற்கு அதுவே சாட்சியாகிவிட்டது.

கைத்திறனை உள்ளே கொண்டுவந்தது 1947-இல் காட்லீப் நிறுவனம் வெளியிட்ட 'ஹம்ப்டி டம்ப்டி'. முதல் ஃபிளிப்பர்கள் அதில்தான், ஒன்றிரண்டு அல்ல, ஆறு. எல்லாம் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன. இன்று நாம் காணும்படி அடியில் இரண்டே இரண்டை வைத்தவர் ஸ்டீவ் கோர்டெக், 1948-இல், 'ட்ரிப்பிள் ஆக்ஷன்' என்ற பெட்டியில்.

பல்சக்கரம் எப்படி எண்ணுகிறது

1977 வாக்கில் கணினிச் சிப்புகள் வரும்வரை எல்லாம் மின்-இயந்திர வகைதான். ஆங்கில எழுத்துச் சுருக்கமாக இ.எம். என்பார்கள். இதைப் புரிந்துகொள்ள மூன்று உறுப்புகள் போதும்.

முதலாவது லீஃப் சுவிட்ச். இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள், முனையில் ஆளுக்கொரு பொட்டு. ஏதாவது ஒன்று தள்ளினால் பொட்டுகள் தொட்டுக்கொள்ளும், மின்சாரம் ஓடும். இதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு பெட்டிக்குள் இவை நூற்றுக்கணக்கில் இருக்கும்.

இரண்டாவது ரிலே. ஒரு காயிலில் மின்சாரம் ஓடினால் அது காந்தமாகி ஒரு தகட்டை இழுக்கும். அந்தத் தகடு அசைந்ததும் அதோடு பிணைந்த நாலைந்து லீஃப் சுவிட்சுகள் ஒரே நேரத்தில் மாறும். 'சிறப்புப் புள்ளி விளக்கு எரிகிறது', 'ஆட்டம் முடிந்தது' போன்ற நிலைகளை எல்லாம் ஏதோ ஒரு ரிலே இழுபட்டு நிற்பதாகவோ விடுபட்டு நிற்பதாகவோ பெட்டி குறித்து வைத்துக்கொள்கிறது.

மூன்றாவது எண்ணும் உறுப்புகள். ஸ்கோர் தெரியும் சக்கரத்தில் 0 முதல் 9 வரை பத்து இடங்கள். அதன் காயில் ஒருமுறை துடித்தால் சக்கரம் ஓர் எண் நகரும். 9-இலிருந்து 0-க்குத் திரும்பும்போது அதன் ஓரத்தில் உள்ள சுவிட்ச் பக்கத்துச் சக்கரத்துக்கு ஒரு துடிப்பு அனுப்பும். பள்ளியில் 'மீதி ஒன்று' என்று பக்கத்து இலக்கத்துக்குக் கொண்டு போனோமே, அதே வேலை. சக்கரம் நிற்கும் இடமே நினைவகம். இப்போது தெரிகிறதா, பிளக்கைப் பிடுங்கியும் ஸ்கோர் ஏன் மறையவில்லை என்று?

50 புள்ளி தரும் இலக்கு என்றால் பத்துகள் சக்கரம் ஐந்து முறை துடிக்க வேண்டும். குண்டு தட்டியதோ ஒரே முறை. இங்கேதான் ஸ்கோர் மோட்டார் வருகிறது. தட்டியதும் அது ஒரு சிறு சுற்றுச் சுற்றும், அதன் மேடுபள்ளமான வட்டுகள் சுவிட்சுகளை ஐந்து முறை தொட்டுவிடும். 'டக் டக் டக் டக் டக்'. பழைய பின்பாலின் தனித்த ஓசை இது.

இதைத் தெரிந்துகொள்வதில் கைமேல் பலன் உண்டு. இ.எம். பெட்டிகளில் அடிக்கடி வரும் கோளாறு, ஆட்டம் தொடங்கும் பொத்தானை அழுத்தியதும் ஸ்கோர் மோட்டார் ஓயாமல் ஓடிக்கொண்டே இருப்பது. புதிதாக வாங்கியவருக்கு அடிவயிறு கலங்கும். காரணம் பெரும்பாலும் அற்பமானது. எல்லாச் சக்கரங்களும் பூஜ்யத்துக்கு வந்துவிட்டனவா என்று பார்க்க ஒவ்வொன்றிலும் ஒரு சுவிட்ச் இருக்கும். அதில் ஒன்றுக்கு அழுக்குப் பிடித்திருந்தால் 'இன்னும் வரவில்லை' என்று மோட்டார் நினைத்துக்கொண்டு சுற்றும். எந்தச் சக்கரம் என்று கண்டுபிடித்துப் பொட்டைச் சுத்தம் செய்தால் அடங்கிவிடும்.

என்னைக் கேட்டால் இ.எம். பெட்டி முழுதுமே இப்படித்தான்: உடைந்தது கொஞ்சம், அழுக்கானதும் வளைந்ததும் இறுகியதும் அதிகம். குண்டு எத்தனையாவது, இலவச ஆட்டம் எத்தனை என்று எண்ணும் ஸ்டெப்பர்களில் பழைய கிரீஸ் காய்ந்து பசையாகிவிடும். அதை வழித்தெடுத்தாலே பாதிப் பெட்டி உயிர்பெறும். புதிதாகக் கிரீஸை அப்பிவிடாதீர்கள், மறுபடி அதே கதை.

சுவிட்ச் சுத்தம் செய்வதிலும் ஒரு பேதம் இருக்கிறது. ஃபிளிப்பர்போல அதிக மின்சாரம் ஓடும் இடங்களில் உள்ள டங்ஸ்டன் பொட்டுகளை மெல்லிய அரத்தால் தேய்க்கலாம். பிற்காலக் கணினி வகையில் பொட்டுகளுக்குத் தங்கப்பூச்சு உண்டு. அங்கே அரம் வைத்தால் பூச்சு போய்விடும். ஒரு கெட்டி அட்டையை இடையில் செருகி, தகடுகளை லேசாக அழுத்திப் பிடித்து இழுத்தால் போதும்.

ஃபிளிப்பரின் ரகசியம்

ஒரே ஓர் உறுப்பை மட்டும் ஆழமாகப் படிக்க நேரம் உண்டு என்றால் ஃபிளிப்பரைப் படியுங்கள். பழைய பெட்டிகளில் அதன் காயிலுக்குள் இரண்டு சுற்றுகள் இருக்கும். ஒன்று தடித்த கம்பி, சில முறையே சுற்றியது. மின்தடை குறைவு என்பதால் மின்சாரம் பாய்ந்து ஓடும், உதை பலமாக இருக்கும். மற்றது மெல்லிய கம்பி, பலமுறை சுற்றியது. உதை கிடையாது, ஆனால் தூக்கிய ஃபிளிப்பரைச் சூடாகாமல் பிடித்து வைத்திருக்கும்.

பொத்தானை அழுத்தியதும் முதலில் வேலைசெய்வது தடித்த சுற்று. ஃபிளிப்பர் மேலே போய் முட்டும் நொடியில், முனையில் இருக்கும் ஒரு சிறு சுவிட்ச் திறந்து மெல்லிய சுற்றையும் பாதைக்குள் இழுத்துவிடும். அந்தச் சுவிட்சின் அழுக்கும் வளைவும் இரண்டு நேர்மாறான நோய்களைத் தரும். பொட்டு அழுக்காகி மின்சாரம் தடைபட்டால் தொடக்கத்திலேயே மெல்லிய சுற்று குறுக்கே வந்துவிடும், ஃபிளிப்பர் நோஞ்சான் ஆகும். தகடு வளைந்து சுவிட்ச் திறக்காமலே போனால் தடித்த சுற்று விடாமல் ஓடும், பொத்தானை அமுக்கிப் பிடித்திருப்பவர் மூக்கில் கருகல் வாசனை ஏறும். 'ஃபிளிப்பருக்குச் சக்தி இல்லை, பெரிய காயிலாகப் போடு' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முதலில் அந்தச் சுவிட்சைப் பாருங்கள். அடுத்து, காயிலுக்குள் தண்டு ஓடும் நைலான் குழாயையும் தேய்ந்த இணைப்புகளையும் மாற்றுங்கள். தண்டுக்கு எண்ணெய் விடவே கூடாது. எண்ணெயோடு தூசி சேர்ந்து தேய்ப்புக் களிம்பாகிவிடும்.

சிப்புகள் வந்தபின்

1977-க்குப் பிறகு பாலியும் வில்லியம்ஸும் மோட்டோரோலா 6800 நுண்செயலியை உள்ளே வைத்தன. ரிலேக்களின் இடத்தில் டிரான்சிஸ்டர்கள், சக்கரங்களின் இடத்தில் ஒளிரும் எண்கள். 1979-இல் வில்லியம்ஸின் 'கோர்கர்' ஏழே ஏழு சொற்களை வைத்துக்கொண்டு ஆடுபவரிடம் பேசியது. பேசும் பின்பால் அதுவரை கிடையாது.

இந்த வகையில் சுவிட்சுகளைக் கட்டமாக இணைப்பார்கள். எட்டு நெடுந்தெரு, எட்டுக் குறுக்குத்தெரு, சந்திப்பு ஒவ்வொன்றிலும் ஒரு சுவிட்ச். 16 கம்பிகளில் 64 சுவிட்சுகளைப் படித்துவிடலாம். செயலி ஒவ்வொரு தெருவாக விளித்து 'யார் அழுத்தப்பட்டீர்கள்?' என்று நொடிக்குப் பலமுறை கேட்கும். ஒவ்வொரு சுவிட்சிலும் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடு இருக்கும். அது பழுதானால் அழுத்தாத சுவிட்ச் அழுத்தப்பட்டதுபோல் பெட்டி உளறும். ஆகவே ஒரு முழு வரிசை வேலைசெய்யவில்லை என்றால் கம்பி, ஒன்றை அழுத்தினால் இன்னொன்று பதிவானால் டயோடு என்று சந்தேகப்படத் தொடங்கலாம்.

இந்தத் தலைமுறையின் பெரிய எமன் பேட்டரி. அமைப்புகளையும் அதிக ஸ்கோரையும் நினைவில் வைக்கப் போர்டிலேயே பேட்டரி வைத்தார்கள். பாலியில் போர்டோடு சால்டர் செய்த ரீசார்ஜ் பேட்டரி, வில்லியம்ஸில் மூன்று சாதாரண பென்சில் செல்கள். பத்திருபது வருஷம் கவனிப்பாரற்றுக் கிடந்தால் கசிந்து, செம்புப் பாதைகளைப் பச்சையாக அரித்துத் தின்றுவிடும். கசிவு காரத்தன்மை கொண்டது, எனவே நீர்த்த வினிகரால் அதை நடுநிலையாக்கி, சுத்தமான தண்ணீரில் கழுவி, ஆல்கஹாலில் அலசி, நன்றாகக் காயவைக்க வேண்டும். அதன்பிறகு செல்களைப் போர்டிலிருந்து தள்ளிக் கம்பி நீட்டி வைக்கலாம். மின்சாரம் இல்லாமலே நினைவில் வைத்திருக்கும் சிப்பாக மாற்றிவிட்டால் இன்னும் நல்லது.

இன்னொரு கோளாறு பார்க்கப் பயங்கரமாக இருக்கும். சுவிட்சைப் போட்டதுமே ஏதோ ஒரு காயில் இழுபட்டு அப்படியே நிற்கும். அதை இயக்கும் டிரான்சிஸ்டர் குறுக்கிணைப்பாகி, அதாவது ஷார்ட் ஆகிவிட்டது என்று பொருள். உடனே அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சில நொடிகளில் காயில் கருகும். டிரான்சிஸ்டரை மட்டும் மாற்றிவிட்டு, கருகிய காயிலையும் அதன்மேல் இருக்கும் டயோடையும் சோதிக்காமல் விட்டால் புதியதும் அதே வழியில் போகும்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது

புதியவர்கள் 'ஓடுகிறதா?' என்று கேட்கிறார்கள். பழகியவர்கள் கண்ணாடியைக் கழற்றி ஆட்டப்பலகையைத் தடவிப் பார்க்கிறார்கள். மின்சாரக் கோளாறு எதுவானாலும் பொறுமையும் மல்டிமீட்டரும் சால்டர் கோலும் இருந்தால் தீரும். தேய்ந்து மரம் தெரியும் ஓவியம் அப்படித் தீராது. ஆகவே என் வரிசை: முதலில் ஆட்டப்பலகை, பிறகு பேக்கிளாஸ், பிறகு அந்த ஆட்டத்துக்கே உரிய பிளாஸ்டிக் துண்டுகளும் சரிவுப் பாலங்களும் முழுசாக இருக்கின்றனவா என்பது. நான்காவதாகத்தான் ஓட்டம்.

'எடுத்து வைத்தபோது நன்றாகத்தான் ஓடியது' என்பது விற்பவர்கள் எல்லா ஊரிலும் சொல்லும் வாக்கியம். பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அசையாமல் நிற்கும் பெட்டியில் பொட்டுகள் கருக்கும், ரப்பர் வெடிக்கும், கிரீஸ் இறுகும். ஓடாத பெட்டி என்று கணக்குப் போட்டுக்கொண்டே விலை பேசுங்கள்.

அரிதானதெல்லாம் மதிப்புள்ளது என்பது இந்த உலகில் செல்லாது. 1992-இல் பாலி பெயரில் வந்த 'தி ஆடம்ஸ் ஃபேமிலி' 20,000-க்கும் மேல் தயாரானது. அந்தக் காலத்துப் பெட்டிகளில் அதுவே அதிகம். இன்றும் அதைத் தேடுவோர் குறையவில்லை, ஏனென்றால் ஆடுவதற்கு அவ்வளவு நன்றாக இருக்கிறது. மறுபக்கம், சில நூறே செய்யப்பட்டு யாரும் சீந்தாத பெட்டிகளும் உண்டு.

தூக்கிக்கொண்டு வருவது தனிக்கலை. எடை பொதுவாக 100 கிலோவுக்கு மேல். முதல் வேலை குண்டுகளை வெளியே எடுப்பது. மறந்துபோய்ப் பெட்டியை நிமிர்த்தினால் எஃகுக் குண்டுகள் உள்ளேயே உருண்டு விளக்குகளையும் பிளாஸ்டிக்கையும் நொறுக்கும். ஆட்டப்பலகையைத் தூக்கும்போதும் இதே விதி.

முதன்முதலாக மின்சாரம் கொடுக்குமுன்

ஆசை உந்தும், ஆனாலும் உடனே பிளக்கைச் செருகாதீர்கள். முதலில் மின்னழுத்தம். அமெரிக்காவில் செய்தது 120 வோல்ட்டுக்கு ஓடும். 220–240 வோல்ட் ஊர்களில் அதை அப்படியே செருகினால் ஒரே நொடியில் கதை முடியும். பல பெட்டிகளின் டிரான்ஸ்ஃபார்மரில் இணைப்பை மாற்றி இரண்டுக்கும் வைத்துக்கொள்ள வழி உண்டு. எப்படி இணைத்திருக்கிறது என்று வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய பெட்டிகளில் இரண்டு முனை வயர்தான் இருக்கும். எர்த்தோடு மூன்று முனை வயரைப் போட்டு, பெட்டியின் உலோகப் பகுதிகளை அதோடு சேர்ப்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

அடுத்தது ஃபியூஸ். ஒவ்வொன்றையும் கழற்றி, பக்கத்துச் சீட்டில் எழுதிய அளவோடு ஒப்பிடுங்கள். அடிக்கடி போகிறதே என்று அலுத்து, யாரோ ஒரு மெக்கானிக் அளவு கூடிய ஃபியூஸையோ வெள்ளித்தாள் சுற்றியதையோ வைத்திருப்பார். அவர் நேரம் மிச்சம், காயிலுக்கும் கம்பிக்கும் தலைவலி. ஃபியூஸ் போனால் அது எதையோ காப்பாற்றியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு காரணத்தைத் தேட வேண்டும்.

பெட்டியின் அடித்தளத்தைச் சுத்தம் செய்ய வேக்வம் கிளீனரோடு பாயாதீர்கள். முதலில் கையால் பொறுக்குங்கள். காணாமற்போன ஸ்பிரிங், கழன்று விழுந்த திருகு, மடித்துச் செருகிய வரைபடம், பழைய மெக்கானிக் பென்சிலில் எழுதிய குறிப்பு எல்லாம் அங்கேதான் கிடைக்கும். அந்த வரைபடம் கிடைத்தால் அது புதையல்.

பலகையும் ஓவியமும்

ஆட்டப்பலகை பொதுவாக மேப்பிள் ஒட்டுப்பலகை. அதன்மேல் ஓவியம் அச்சிட்டு, விளக்கு எரியும் இடங்களில் வண்ணப் பிளாஸ்டிக் வில்லைகளைப் பதித்திருப்பார்கள். அழுக்கோடு சுற்றும் குண்டு உப்புத்தாள்போல வேலைசெய்து வண்ணத்தைத் தேய்க்கும். பாதுகாப்பு எளிமையானது: பழைய ரப்பர் வளையங்களைக் கழற்றிப் புதியதை மாட்டுவது, பலகையைத் துடைத்துக் கார்னோபா மெழுகு பூசுவது, குண்டில் சிறு புள்ளி விழுந்தாலும் மாற்றிவிடுவது. வண்ணம் போய் மரம் தெரியும் இடத்தில் தண்ணீர் படவே கூடாது, நார்கள் எழுந்துவிடும்.

பலகையை மறுபடி வண்ணம் தொட்டு, கார்களுக்கு அடிக்கும் கிளியர் கோட் என்ற இரு பாக நிறமற்ற பூச்சை மேலே அடித்துக் கண்ணாடிபோல ஆக்குபவர்கள் உண்டு. பார்க்க அபாரமாக இருக்கும். ஆனால் அந்தப் பூச்சில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்கு எதிரி. வீட்டுக் கொல்லையில் துணி முகமூடியோடு செய்யும் வேலை அல்ல அது. வசதியுள்ள வண்ணக் கூடத்திடம் கொடுத்துவிடுங்கள். என் ருசிக்கு, நாற்பது வருஷம் ஆடிய தடம் கொஞ்சம் தெரியும் பலகை பிடிக்கும். வண்ணத்தில் விட்டுக்கொடுக்கலாம், கம்பி இணைப்பில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

பேக்கிளாஸ் விஷயத்தில் ஒரே எச்சரிக்கை. வண்ணம் கண்ணாடியின் பின்புறத்தில் இருக்கிறது. உள்ளே எரியும் பல்புகளின் சூட்டில் விரிந்து சுருங்கிச் செதில்செதிலாக உரியும். அழுக்காக இருக்கிறதே என்று பின்புறத்தை ஈரத்துணியால் துடைத்தால் ஓவியம் துணியோடு வந்துவிடும். சூட்டைக் குறைப்பதே நிரந்தர மருந்து. பழைய 44-ஆம் எண் பல்ப் 250 மில்லியாம்பியர் இழுக்கும், அதே இடத்தில் பொருந்தும் 47-ஆம் எண் 150 மட்டுமே. எல்.இ.டி. போட்டால் இன்னும் குறையும். இ.எம். பெட்டியில் எல்.இ.டி.யின் வெள்ளை ஒளி எனக்கு மருத்துவமனை ஞாபகத்தைக் கொடுக்கிறது, மஞ்சள் சாயல் உள்ளதாகப் பார்த்துப் போடலாம்.

வீடியோ பெட்டிகள்

1972-இல் அட்டாரியின் 'பாங்' வந்தபின் பின்பாலுக்குப் பக்கத்தில் இன்னொரு சாதி வளர்ந்தது. 1978-இல் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', 1980-இல் 'பேக்-மேன்'. உள்ளே அசையும் உறுப்புகள் குறைவு என்பதால் பராமரிப்பு சுலபம் என்று தோன்றும். வில்லங்கம் திரையில் இருக்கிறது. பழைய சி.ஆர்.டி. படக்குழாயின் பக்கவாட்டில் ரப்பர் தொப்பி மூடிய முனையில் 20,000 வோல்ட் அளவில் மின்னழுத்தம் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் மிச்சம் இருக்கும். முறையாக எர்த்துக்கு இறக்காமல் கைவைக்கக் கூடாது. தெரிந்தவர் பக்கத்தில் நின்று ஒருமுறை காட்டாமல் இதைப் படித்துமட்டும் செய்யாதீர்கள். பக்கவாட்டில் படம் வளைவது, கீழே மடங்குவது போன்றவை பெரும்பாலும் திரைப் போர்டில் காய்ந்துபோன கெப்பாசிட்டர்களால் வருபவை. மொத்தமாக மாற்றினால் சரியாகும். குழாயில் பதிந்துபோன தழும்பு மட்டும் போகாது. வேறு ஆட்டம் ஓடும் திரையிலும் பேக்-மேனின் பாதைக்கட்டம் ஆவிபோல மங்கலாகத் தெரியும் பெட்டிகளை இன்றும் பார்க்கலாம்.

ஓட்டுவது

சரிசெய்து முடித்த பெட்டியை நிறுத்துவதிலும் சூட்சுமம் இருக்கிறது. முதலில் இடவலம் மட்டம் பார்க்க வேண்டும். பிறகு சாய்வு. கணினி வகைக்கு 6.5 டிகிரி பொதுவாகச் சொல்லப்படுவது, இ.எம். வகைக்குப் பாதியை ஒட்டிய அளவே போதும். இ.எம். பெட்டியை அதிகம் சாய்த்தால் பம்பருக்கு வேலையே இருக்காது, குண்டு ஓடி வந்து நழுவிவிடும்.

டில்ட் என்பது ஒரு வளையத்துக்குள் தொங்கும் கூம்புக் குண்டு. பெட்டி ஆடினால் அது வளையத்தைத் தொடும், ஆட்டம் அணையும். கூம்பை மேலே கீழே நகர்த்தி எவ்வளவு உலுக்கலைப் பொறுப்பது என்று தீர்மானிக்கலாம். பொது இடத்தில் காசுக்கு ஓட்டுபவர்கள் இதை இறுக்கியே வைப்பார்கள். ஓர் ஆட்டம் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதே அவர்கள் வருமானம். அதே சமயம் இலவச ஆட்டம் அறவே கிடைக்காவிட்டால் யாரும் இரண்டாவது காசு போட மாட்டார்கள். இலவச ஆட்டமே பந்தயப் பரிசு என்று சட்டம் கருதிய இடங்களுக்காக, 1960-இல் காட்லீப் 'ஃபிளிப்பர்' என்ற பெட்டியில் ஒரு மாற்று வழி கண்டது: பரிசாக ஆட்டத்துக்குப் பதில் கூடுதல் குண்டு.

அதற்குமேல் நகர்த்தக் கூடிய ஒன்று, ஃபிளிப்பர்களுக்கு வெளியே இரண்டு ஓரங்களிலும் குண்டைப் பறிகொடுக்கும் சந்தின் வாயில். அங்கே நிற்கும் முளையைப் பல பெட்டிகளில் இரண்டு மூன்று துளைகளில் எதில் வேண்டுமானாலும் பொருத்தலாம். ஒரு துளை சந்தை அகலமாக்கும், இன்னொன்று ஒடுக்கும். கடையில் ஓடிய பெட்டிகள் வீட்டுக்கு வரும்போது முளை பெரும்பாலும் கொடூரமான துளையில்தான் இருக்கும். வாங்கியவர் முதல் வாரத்திலேயே கருணை காட்டி அதை மாற்றிவிடுவார். ஆட்டம் கைக்குப் பிடிபட்டபின், ஒருநாள் ராத்திரி கண்ணாடியைக் கழற்றிப் பழைய துளையிலேயே திரும்ப வைக்கிறவர்களும் உண்டு.